பிடிவாதம் என்று பெயர் வைத்தோம்

நம் ஊரில் வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டார்கள். ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தின் நரம்பியல் மருத்துவர் பி.எஸ். மதுரநாத்தும் அவருடைய குழுவினரும் திருவனந்தபுரம் நகரத்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 2,466 பேரைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் 93 பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதிநோய் இருந்தது. ஆய்வு 2010-இல் வெளியானது. இதே நகரத்து முதியவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்ததன் முடிவு 2012-இல் வந்தது: 65 வயது தாண்டிய ஆயிரம் பேரில் ஆண்டுக்குப் பதினைந்து பேருக்கு மேல் புதிதாக அல்சைமர் நோய் தொடங்குகிறது. எங்கோ வெளிநாட்டுக் கணக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. கரமனையிலும் வலியசாலையிலும் மணக்காட்டிலும் சாலை பஜாரைச் சுற்றிய தெருக்களிலும் தலைமுறைகளாக இருக்கும் தமிழர்களாகிய நமக்கும் சேர்த்து எடுத்த கணக்கு அது.

அந்த நோயாளிகள் யார் யார் என்று நமக்கு முன்பே தெரியும். ஆனால் நோயாளிகளாகத் தெரியாது. “வயசானதும் குணம் மாறிப்போச்சு” என்றோம். “இப்பல்லாம் ஒரே பிடிவாதம்” என்றோம். “நடிக்கறா, எல்லாம் தெரியும்” என்றோம். இங்கே நாம் என்று சொல்வது மகன்களை, மகள்களை, அடுத்த வீட்டுக்காரர்களை, கோயில் கமிட்டியை, ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனை, சீட்டு எழுதிக் கொடுத்த மருத்துவர்களை, பத்திரிகையில் எழுதும் எங்களை, எல்லோரையும் சேர்த்துத்தான். இதில் வெளியே நின்று பேச யாருக்கும் உரிமை இல்லை.

2005-இல் பிளெஸ்ஸியின் ‘தன்மாத்ரா’ வந்தது. பத்மராஜனின் சிறுகதை ஒன்றிலிருந்து எடுத்த படம். மோகன்லால் நடித்த ரமேசன் நாயர் நம் ஊர்ச் செக்ரட்டேரியட்டில் வேலை பார்க்கும் மனிதர். படம் பார்த்து ஊரே அழுதது. அல்சைமர் என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்ததே அந்தப் படம்தான். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் தியேட்டரிலிருந்து நாம் எடுத்துக்கொண்டு வந்தது மறதியின் சோகத்தை மட்டும். அன்பான ஒரு மனிதன், அவனை விட்டு நழுவும் நினைவுகள், கூடவே நிற்கும் குடும்பம். நம் வீட்டில் நடந்ததோ வேறு. அங்கே பாட்டி மருமகளைத் திருடி என்றாள். தாத்தா குளிக்க அழைத்தவரைக் கையை ஓங்கி அடிக்கப் போனார். சாயங்காலமானால் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு “என்னை வீட்டுக்குக் கொண்டு விடுங்கோ” என்று தெருவே கேட்கக் கத்தினார். திரையில் கண்ட நோயும் வீட்டில் நடந்த ரகளையும் ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றவில்லை.

மருத்துவ உலகம் இந்த நடத்தை மாற்றங்களையும் மனக்கலக்கங்களையும் நோயின் மையக் கூறாகவே வைத்துப் பார்க்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கேஷ் கவுண்ட்டி என்ற பகுதியில் டிமென்ஷியா உள்ளவர்களை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது, அவர்களில் 97 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இப்படி ஒன்றாவது வந்திருந்தது: சந்தேகம், இல்லாததைக் காண்பது, சோர்வு, படபடப்பு, ஆத்திரம், எதிலும் நாட்டமின்மை. நாட்டமின்மையைச் சேர்த்தே சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மூலையில் உட்கார்ந்து யாரையும் தொந்தரவு செய்யாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவரை “நல்ல வேளை, சாதுவா இருக்கார்” என்று விட்டோம். அவருக்கும் நோய் அதே அளவு முற்றியிருக்கலாம். சத்தம் போட்டவரிடம் கோபப்பட்டோம், சத்தம் போடாதவரை மறந்தே போனோம்.

திருட்டுப் பழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்கள் அதிகம் உடைந்தது அங்கேதான். சங்கிலியைக் கழற்றிப் புடவை மடிப்பில் வைக்கிறாள். வைத்தது நினைவில் பதியவே இல்லை. தேடுகிறாள், இல்லை. வைத்த நினைவு இல்லாத மனசுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் மிச்சம்: யாரோ எடுத்துவிட்டார்கள். வீட்டில் நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவள் மருமகள். அல்லது வேலைக்கு வரும் பெண். அதனால் பழி எப்போதும் அதிகம் உழைப்பவள் தலையிலேயே விழுந்தது. நாம் என்ன செய்தோம்? ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூட்டம் கூட்டினோம். பெங்களூரிலிருந்து வந்த மகன் விசாரணை நடத்தினான். “அம்மா பொய் சொல்ற பழக்கமே கிடையாது” என்றான். கோயிலில் வைத்துச் சத்தியம் செய்யச் சொன்ன வீடுகள் உண்டு. சங்கிலி பிறகு அரிசி டப்பாவிலிருந்து கிடைத்தபோதும் அந்தப் பெண்ணிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலைக்காரப் பெண்ணாக இருந்தால் மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தோம். அவளுடைய பெயர் தெருவில் கெட்டுப்போயிருந்தது.

மருத்துவர் கே.எஸ். ஷாஜியும் மற்றவர்களும் திருச்சூர்ப் பக்கம் இந்நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களிடம் உட்கார்ந்து பேசி 2003-இல் எழுதிய ஆய்வில் இதெல்லாம் இருக்கிறது. பார்த்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் மருமகள்கள். நோயின் அறிகுறிகளை வேண்டுமென்றே செய்யும் அடம் என்று குடும்பங்கள் எடுத்துக்கொண்டன. நடத்தைக் கோளாறும் சிறுநீர் மலம் அடக்க முடியாமையும்தான் அவர்களை அதிகம் நொறுக்கியவை. இருபது வருஷத்துக்கு முன்னால், நம் மாநிலத்திலேயே, நம்மைப் போன்ற வீடுகளைப் பற்றி எழுதியது. நம் ஊர் வீடுகளுக்கு அது வந்து சேரவில்லை; கொண்டுவந்து சேர்க்க வேண்டிய இடத்தில் இருந்தவர்களும் கொண்டுவரவில்லை.

சந்தேகம் இந்த நோயோடு பிறந்தது. 1901-இல் பிராங்பர்ட் மருத்துவமனையில் அலோய்ஸ் அல்சைமர் பார்த்த ஆகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணுக்கு முதலில் தெரிந்த மாற்றங்களில் ஒன்று கணவர்மேல் பொறாமை. வீட்டுச் சாமான்களை ஒளித்தும் வைத்தாள். அவள் இறந்தபின் 1906 நவம்பரில் அல்சைமர் தம் சக மருத்துவர்களுக்கு விவரித்த அந்த முதல் நோயாளியின் கதையிலேயே இவ்வளவும் இருக்கிறது. நம் தெருவில் எண்பது வயதுக் கிழவர் எழுபத்தைந்து வயது மனைவியைப் பால்காரனோடு சேர்த்துப் பேசியபோது நாம் வெட்கப்பட்டு ஜன்னலைச் சாத்தினோம். சில வீடுகளில் சிரித்தோம். அந்த மனைவி ஐம்பது வருஷத் தாம்பத்தியத்தின் முடிவில் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். “அது அவர் பேசலை மாமி, நோய் பேசறது” என்று சொல்ல ஓர் ஆள் அவளுக்கு வேண்டியிருந்தது. நாம் போகவில்லை.

வாதாடாமல் இருந்திருந்தால் போதும். “நான் எடுக்கலை” என்பதும் “நீங்கதான் வச்சீங்க” என்பதும் அந்த மனசுக்குப் புரியாது; குரலில் உள்ள கோபம் மட்டும் புரியும். “காணலையா அத்தை? வாங்க, சேர்ந்து தேடுவோம்” என்று கூட எழுந்து போவது, அவர் வழக்கமாக ஒளிக்கும் இரண்டு மூன்று இடங்களைத் தெரிந்து வைத்திருப்பது, சாவிக்கும் கண்ணாடிக்கும் இன்னொரு நகல் வைத்திருப்பது, விலையுள்ள நகையை முன்பே பத்திரப்படுத்திவிட்டு ஒரு சாதா மாலையை அவர் கையில் விடுவது. இவற்றுக்குப் பணமும் வேண்டாம், பெரிய படிப்பும் வேண்டாம். யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்கு வருவோம். விளக்கேற்றும் நேரத்தில் பலருக்குப் படபடப்பு கூடும். பகல் முழுக்கச் சமாளித்துச் சமாளித்து மூளை களைத்துப்போகிற நேரம் அது. வெளிச்சம் மங்கி நிழல்கள் நீள்கின்றன. மூலையில் தொங்கும் சட்டை ஆளாகத் தெரிகிறது. அலமாரிக் கண்ணாடியில் தெரியும் நரைத்த முகம் யாரோ அந்நியன். அதே நேரத்தில் நாம் டிவியைப் போடுகிறோம். சீரியலில் மாமியாரும் மருமகளும் உரக்கச் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை பெட்டிக்குள் நடக்கிறதா கூடத்தில் நடக்கிறதா என்று பிரித்தறிய அவரால் முடியாது. எழுந்து கதவைப் பார்க்கிறார். நாம் டிவியை நிறுத்தவில்லை, கதவைப் பூட்டினோம்.

பூட்டியதைத்தான் நாம் பராமரிப்பு என்று நினைத்திருந்தோம். பயம் உண்மையானது என்பதை மறுக்கவில்லை; தம்பானூர்ப் பக்கம் ரயில், கிள்ளிப்பாலத்தில் ஓயாத வண்டிகள், கரமனையாறு. வெளியே போய்த் திரும்பாதவர்களை நாம் அறிவோம். ஆனால் அவர் ஏன் எழுந்து போகிறார் என்று நாம் கேட்டதில்லை. நாற்பது வருஷம் விடியற்காலையில் எழுந்து சாலை பஜாரில் கடை திறந்த ஒரு மனிதருக்கு நான்கு மணிக்குக் கால் பரபரக்கிறது என்றால் அதற்குப் பின்னால் ஒரு வாழ்நாள் இருக்கிறது. கூடவே ஒருவர் போய்த் தெருமுனைவரை நடந்து, டீ குடித்துத் திரும்பினால் பல நாட்களில் அது அடங்கும். கையில் ஒரு பழைய பேரேட்டையும் பேனாவையும் கொடுத்தால் ஒரு மணி நேரம் அமைதியாக உட்காருவார். சிலருக்கு விஷயம் இன்னும் எளிது: கக்கூஸ் எங்கே என்று தெரியாமல் அலைகிறார்கள். அந்தக் கதவைத் திறந்து வைத்து விளக்கைப் போட்டுவிட்டால் அலைச்சல் குறையும். வீட்டுக்குப் போகணும் என்று சொந்த வீட்டிலேயே கேட்பவருக்கு “இதுதான் உங்க வீடு” என்று நூறு முறை சொல்லிக் கத்தினோம். அவர் கேட்டது பிறந்த வீட்டை. அம்மா இருக்கும் வீட்டை. “அங்க யார் யாரெல்லாம் இருந்தாங்க?” என்று ஒரு முறை கேட்டிருந்தால் நாகர்கோவிலையோ சுசீந்திரத்தையோ கல்பாத்தியையோ பற்றி அரை மணி நேரம் பேசியிருப்பார்.

சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை வைக்கலாம். ஆட்டோ ஸ்டாண்டிலும் பெட்டிக்கடையிலும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். நம் அசோசியேஷன்கள் ஓணத்துக்கு அத்தப்பூப் போட்டி நடத்துகின்றன, தெரு விளக்குக்கு மனுக் கொடுக்கின்றன, சிசிடிவி வைக்கின்றன. இந்த ஒரு பட்டியலை எந்த அசோசியேஷனும் வைத்துக்கொண்டதாக நாம் கேள்விப்படவில்லை. வைக்கச் சொல்லி நாமும் கேட்டதில்லை. கேட்டால் நம் வீட்டு விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற வெட்கம். ‘ஊளம்பாறை’ என்ற பேச்சு வந்துவிடுமோ என்ற பயம். 1870-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் ஊர்ப் பெயரை வசவாகவும் மிரட்டலாகவும் மாற்றியது நாம்தான். பிறகு அதே வசவுக்குப் பயந்து நம் பெற்றோரை ஒளித்து வைத்தவர்களும் நாம்தான்.

குளியல். இந்த ஒரு விஷயத்தில் நாம் செய்தவற்றில் சில, வேறு யாராவது செய்திருந்தால் வன்முறை என்றே சொல்லியிருப்போம். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள மூன்றாமவர் தலையில் தண்ணீர் ஊற்றினோம். மானம் மரியாதையோடு வாழ்ந்த பெண்ணின் புடவையை, அவளுக்கு அடையாளம் தெரியாத ஒருத்தி வந்து இழுக்கிறாள். ஈரத் தரை. எதிரொலிக்கும் சின்ன அறை. எச்சரிக்கை இல்லாமல் முகத்தில் விழும் தண்ணீர். அவள் கடித்தாள், நகத்தால் கீறினாள். “வயலண்ட் ஆயிட்டாங்க” என்று ஹோம் நர்ஸ் ஏஜென்சிக்குச் சொன்னோம். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்று எந்த வைத்தியமும் சொல்லவில்லை. வெந்நீர், ஸ்டூல், முதலில் பாதம், பிறகு கை, உடம்பைச் சுற்றி ஒரு துண்டு, தலைக்கு வேறொரு நாள். முடியவே முடியாத நாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். தேங்காயெண்ணெய் தேய்த்துவிடும் கையை விலக்காதவர்கள் பலர், அதிலிருந்து தொடங்கலாம். அவசரம் நமக்கு இருந்தது. ஒன்பது மணிக்குள் ஆபீஸ் கிளம்ப வேண்டியிருந்தது.

வலியைப் பற்றி நாம் யோசித்ததே இல்லை. நார்வேயின் மேற்குப் பகுதியில் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. எல்லோருமே டிமென்ஷியாவோடு படபடப்பும் ஆத்திரமும் உள்ளவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எட்டு வாரத்துக்கு வலி மருந்து முறையாகக் கொடுத்தார்கள். பலருக்கு வெறும் பாராசிட்டமால். மருந்து பெற்றவர்களிடம் படபடப்பு 17 சதவீதம் குறைந்தது. மூட்டு வலிக்கிறது, சொத்தைப்பல் குத்துகிறது, நாலு நாளாக மலம் போகவில்லை என்று சொல்லும் வார்த்தைகளை நோய் பிடுங்கிக்கொண்டுவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு கத்தல், ஒரு தள்ளல், தட்டை வீசுவது. அதற்கு நாம் கொடுத்த பதில் “சும்மா இரிங்க அப்பா!” வாயைத் திறந்து பல்லைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, கண்புரை மூடியிருக்கிறதா, செருப்புக்குள் நகம் வளைந்து குத்துகிறதா என்று பார்த்தோமா?

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மாதக் கணக்கில் ஒரே மாதிரி இருந்தவர் இரண்டு மூன்று நாளில் சட்டென்று குழம்பிப்போனால், பகலில் தூங்கி இரவில் பேயறைந்த மாதிரி உளறினால், அது டிமென்ஷியா முற்றியது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, உப்புக் குறைவு, விழுந்ததில் தலையில் ரத்தக் கசிவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சளி மருந்தும் சிறுநீர்ப்பைக்கான சில மாத்திரைகளும்கூடப் போதும் மூளையைக் கலக்க. பலவற்றுக்கு மருந்து உண்டு. “வயசுதானே” என்று நாம் வீட்டிலேயே வைத்திருந்த அந்த ஒரு வாரத்தில் சிலரை இழந்தோம்.

இனி மாத்திரை. “ராத்திரி தூங்க ஏதாவது குடுங்க டாக்டர்” என்று கேட்டது நாம். நெரிசலான ஓபியில் ஒரு நிமிஷம் யோசித்து எழுதிக் கொடுத்தவர்களும் நம்மவர்களே. பழைய சீட்டைக் காட்டி மாதக் கணக்கில் மருந்துக் கடையில் வாங்கியதும் நாம். ரிஸ்பெரிடோன், குவெட்டியபின் முதலான புதிய வகை மனப்பிறழ்வு மருந்துகளை டிமென்ஷியா முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-இல் எச்சரித்தது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பத்து வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ 4.5 சதவீதமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதமும் இறந்திருந்தார்கள். 2008-இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய வகை மருந்துகளையும் எச்சரிக்கையில் சேர்த்தார்கள். பிரிட்டனில் இந்த மருந்தை முன்பே எடுத்துவந்தவர்களில் பாதிப் பேருக்கு அதை நிறுத்திப் பார்த்தார்கள். 2009-இல் வந்த முடிவின்படி இரண்டாண்டு கழித்து, தொடர்ந்து எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், நிறுத்தியவர்களில் 71 சதவீதம் பேர்.

மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை, தாங்க முடியாத பயம், இல்லாத உருவங்களைக் கண்டு அலறல் என்று வந்தால் மனநல மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ குறைந்த அளவில் தொடங்குவார்கள். சில வாரத்தில் திரும்பப் பார்த்துக் குறைப்பார்கள், நிறுத்துவார்கள். லூவி பாடி என்ற வகை டிமென்ஷியாவாக இருந்தால் இந்த மருந்துகளில் பல ஆளையே விறைக்க வைத்துவிடும்; அதை முதலில் பிரித்தறிய வேண்டும். நம் குற்றம் தொடங்கியதில் இல்லை, திரும்பிப் போகாததில் இருக்கிறது. மாத்திரை போட்டதும் வீடு அமைதியானது. எச்சில் வடிய நாற்காலியில் சரிந்து கிடந்தவரைப் பார்த்து “இப்ப எவ்வளவோ தேவலை” என்று சொன்னோம். தேவலையானது யாருக்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மயக்கத்தில் எழுந்து நடந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கென்று இன்னொரு பொறுப்பு இருக்கிறது. நம் முதியவர்களில் பலர் வெளியே மலையாளமும் வீட்டில் தமிழும் பேசி வாழ்ந்தவர்கள். கேம்பிரிட்ஜில் உருவான அடன்ப்ரூக் நினைவுப் பரிசோதனையை மதுரநாத் மலையாளத்துக்கு ஏற்ப அமைத்தது 2004-இல் வெளியானது. இந்த ஊருக்கு அது பெரிய உதவி. ஆனால் நோய் முற்ற முற்றப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவது பலரிடம் நடக்கிறது. அலுவலகத்தில் மலையாளத்தில் கோப்பு எழுதியவர் கடைசியில் வீட்டுத் தமிழில் மட்டும் பேசுகிறார். இடுக்கியிலிருந்தோ கோட்டயத்திலிருந்தோ வந்த ஹோம் நர்ஸுக்கு “தாகமா இருக்கு” புரியலாம்; “நெஞ்சு கரிக்குது” புரியுமா, “ஒண்ணுக்குப் போகணும்” புரியுமா? சொன்னது புரியாமல் போகவே அவர் கத்துகிறார். அதையும் நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இலக்கியக் கூட்டமும் பட்டிமன்றமும் நடத்தி மொழியை வளர்த்த நாம், ஒரு ஹோம் நர்ஸ் தெரிந்துகொள்ள வேண்டிய ஐம்பது தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் அடித்துக் கொடுக்கவில்லை.

பார்த்துக்கொண்ட பெண்களிடம் நாம் பட்ட கடனை எழுதினால் இடம் போதாது. கல்ஃபிலிருந்தும் சென்னையிலிருந்தும் வீடியோ காலில் வந்து “அம்மா இளைச்சுட்டா போலருக்கே, சாப்பாடு சரியா குடுக்கறியா?” என்று கேட்டோம். அந்தப் பத்து நிமிஷம் அம்மா தெளிவாகப் பேசினாள். புதிய முகம், புதிய குரல் வந்தால் கொஞ்ச நேரம் அப்படிச் சமாளிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, இரவு முழுக்கத் தூங்காதவளிடம் நீ மிகைப்படுத்துகிறாய் என்றோம். அவள் வேலையை விட்டாள், கல்யாணங்களுக்குப் போவதை விட்டாள், சில வீடுகளில் தன் மருந்தைச் சாப்பிடுவதையே விட்டாள். முழுநேரமும் பார்த்துக்கொள்பவர்களுக்குக் கேரள அரசின் ஆஸ்வாசகிரணம் திட்டம் வைத்த தொகை மாதம் 600 ரூபாய். அரசைக் குறை சொல்லுமுன், வெளியூரில் இருந்து எவ்வளவு அனுப்பினோம், வருஷத்தில் எத்தனை வாரம் வந்து அவளை விடுவித்தோம் என்று நாம் சொல்ல வேண்டும்.

கேரளத்தின் வலிநிவாரணச் சேவை உலகம் பாராட்டுவது. 2008-லேயே அதற்கென்று அரசுக் கொள்கை வந்துவிட்டது, மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலின் பாலியம் இந்தியா இயங்குவது இதே ஊரில். படுத்துவிட்டவரின் வீட்டுக்கு நர்ஸ் வருகிறார், புண்ணுக்கு மருந்து கட்டுகிறார். ஆனால் நடமாடும் டிமென்ஷியா நோயாளிக்கும் அவரைத் துரத்திக்கொண்டு ஓடும் பெண்ணுக்கும் அதே மாதிரி ஒருவர் வருவது அரிது. அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் நம் கருணை விழிக்கிறது. குந்நங்குளத்தில் மருத்துவர் கே. ஜேக்கப் ராய் 1992-இல் இந்திய அல்சைமர் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு அரசும் சேர்ந்து ‘ஸ்மிருதிபதம்’ என்ற திட்டத்தில் பகல் மையமும் தங்கும் மையமும் வந்தன, அவை வந்த இடங்கள் வடக்கே. நாட்டிலேயே முதியவர் விகிதம் அதிகமான மாநிலம் இது. 2021-இல் மக்கள்தொகையில் 16.5 சதவீதம் பேர் 60 தாண்டியவர்கள், 2031-இல் 20.9 சதவீதம் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கணக்குக்கும் ஏற்பாட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் நம் வீட்டுப் பெண்கள் தங்கள் உடம்பால் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

செய்ய முடியாத காரியம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. கோவாவில் மருத்துவர் அமித் டயஸும் குழுவினரும் 81 குடும்பங்களில் செய்து காட்டி 2008-இல் எழுதினார்கள். ப்ளஸ் டூ படித்த உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது வீட்டுக்கு அனுப்பினார்கள். நோயைப் புரிய வைப்பது, எந்த நடத்தைக்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பது, பார்த்துக்கொள்பவர் அழுதால் கேட்பது, வேண்டுமென்றால் மருத்துவரிடம் சேர்ப்பது. ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மனநிலை தேறியது; நோயாளியின் நடத்தையால் அவர்கள் படும் வேதனையும் குறைந்தது. திருச்சூரில் அதற்கும் முன்பே, 2002-இல் வெளியான ஆய்வில், கொஞ்ச நேரப் பயிற்சி பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்கள் சந்தேகித்துச் சொன்னவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு நோய் உறுதியானது. நம் தெருக்களில் ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள், குடும்பஸ்ரீ இருக்கிறது, ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் நர்ஸுகளும் இருக்கிறார்கள்.

நம் சமுதாய மண்டபங்களில் முகூர்த்தம் இல்லாத நாட்களில் மின்விசிறிகூடச் சுற்றுவதில்லை. காலை பத்திலிருந்து மாலை நான்குவரை அங்கே எட்டுப் பத்துப் பேரை வைத்துக்கொள்ளலாம். வழுக்காத தரையும் கைப்பிடியும் உள்ள ஒரு கழிப்பறை வேண்டும். தமிழ் பேசும் இரண்டு பெண்கள், முறையான சம்பளத்தோடு. தொண்டு என்ற பெயரில் மறுபடியும் இலவசமாக வேலை வாங்கக் கூடாது. பூத்தொடுக்க, பருப்பு புடைக்க, பழைய பாட்டுக் கேட்க, வராந்தாவில் நடக்க இடம் வேண்டும். வாரம் ஒரு நாள் மருத்துவர் வந்து மாத்திரைப் பட்டியலைப் பார்த்தால் போதும். அந்த ஆறு மணி நேரம் வீட்டில் இருப்பவள் தூங்குவாள், அல்லது தன் பல்லைக் காட்டிவிட்டு வருவாள். ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் மாதம் முழுக்க நமக்குக் கிடைக்கும். அந்த ஒரு மாதத்துக்குச் சோதனையாக நடத்துவதற்கான தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் வரவுசெலவுக் கணக்குக்கும் முன்னால் எடுக்க வேண்டும். முதல் நாள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர யார் தயார் என்று அங்கேயே கேட்க வேண்டும்.